விதி மேடைக்கு மட்டும்தானா?

பலே நடனத்தைப் பற்றி நாங்கள் ஏன் கதைக்க வேணும் எண்டு சிலர் கேட்கலாம். இஞ்ச அதைப் படிச்ச ஆக்கள் குறைவு. மேடையில நேரில பார்த்த ஆக்கள் அதைவிடக் குறைவு. ஆனால் ஃபோனில பார்த்த ஆக்கள் குறைவில்லை. பத்துப் பதினொரு வயசுப் பிள்ளை ஒண்டு கால் நுனியில நிண்டு சுழலுற வீடியோவை யாரோ பகிர்வார்கள். நாங்களும் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுக் கடந்து போவம். அந்தப் பிள்ளை எங்க ஆடுது, எதுக்காக ஆடுது எண்டு கேட்கிறதில்லை. பெரும்பாலும் அது ஏதோவொரு சர்வதேசப் போட்டிக்கான ஆட்டம். அந்தப் போட்டிகளின் விதிகளைப் பற்றியும், அந்த விதிகள் தொடாமல் விடுகிற இடத்தைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இரண்டு போட்டிகளைத் தெரிஞ்சுகொள்ளுவம். ஒன்று பிறீ டு லோசான். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்தில் 1973 இல் தொடங்கியது. 15 முதல் 18 வயது வரையான மாணவர்களுக்கு மட்டுமானது. மற்றது யூத் அமெரிக்கா கிராண்ட் பிறீ. மொஸ்கோவின் பல்ஷோய் பலேயில் ஆடிய இருவர் அமெரிக்காவுக்கு வந்து 1999 இல் தொடங்கியது. அதில் 9 வயதிலிருந்தே சேரலாம், 19 வயது வரைக்கும் ஆடலாம். இரண்டிலும் பரிசு வெறும் கிண்ணமில்லை. பெரிய பலே பள்ளியொன்றில் புலமைப்பரிசிலோடு இடம், அல்லது பெரிய குழுவொன்றில் பயிலுனராகச் சேரும் வாய்ப்பு. ஒரு பிள்ளையின் முழு வாழ்க்கையும் அந்த ஒரு கிழமையில் திரும்பலாம்.

இனி விதிகளுக்கு வருவம். லோசானின் விதிகளைப் படித்தால் யாரும் குறை சொல்லத் தயங்குவார்கள். அவ்வளவு கவனமாக எழுதப்பட்டவை. முதலில் வகுப்பில் பயிற்சி செய்கிற வீடியோவை அனுப்ப வேணும். அதில் தெரிவானவர்கள்தான் லோசானுக்கு வரலாம். ஒரு கிளாசிக்கல் தனி ஆட்டம், ஒரு நவீனத் தனி ஆட்டம். இரண்டையும் போட்டி கொடுக்கிற பட்டியலில் இருந்துதான் எடுக்க வேணும். நினைத்தபடி இசையை வெட்டி ஒட்ட ஏலாது. நடுவர்கள் மேடையில் ஆடுகிற இரண்டு நிமிடத்தை மட்டும் பார்ப்பதில்லை. நாளாந்த வகுப்பில் பிள்ளை எப்படி வேலை செய்கிறது, சொல்லிக் கொடுத்ததை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கும் புள்ளி உண்டு. இறுதிச் சுற்றுக்கு வராத பிள்ளைகளையும் பள்ளி இயக்குநர்கள் பார்த்துப் பேச ஒரு வாய்ப்பு வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் நல்ல விசயம். மறுக்கேல்லை.

ஆனால் இந்த விதிகள் எல்லாம் எங்கிருந்து தொடங்குகின்றன எண்டு பாருங்கோ. பிள்ளை விண்ணப்பிக்கிற நாளிலிருந்து. அதுக்கு முதல் எட்டு, பத்து வருசம் அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு எந்த விதியும் பெரிதாகக் கேட்பதில்லை. எத்தனை மணித்தியாலம் பயிற்சி? என்ன சாப்பிட்டது? காயம்பட்டபோது ஓய்வு கிடைச்சதா? ஆசிரியர் அடிச்சாரா, ஏசினாரா? பள்ளிக்கூடத்தை விட்டு நிப்பாட்டினார்களா? தயாரிப்பு என்பது வீட்டின் பொறுப்பு, நடனப் பள்ளியின் பொறுப்பு, போட்டிக்கு அதில் வேலையில்லை என்பதுதான் எழுதப்படாத விதி. என் சண்டை இந்த எழுதப்படாத விதியோடதான்.

ஏனெண்டால் போட்டியின் முடிவு மேடையில் தீர்மானிக்கப்படுவதில்லை. தயாரிப்பில்தான் தீர்மானிக்கப்படுகிறது.

காசை எடுங்கோ. கால் நுனியில் நிற்பதற்கான சப்பாத்து ஒன்று இருக்கிறது. அதன் முனையில் இருக்கிற கடினமான பகுதி மரம் எண்டு பலர் நினைக்கிறார்கள். மரமில்லை. துணியையும் கடதாசியையும் பசையால் ஒட்டி இறுக்கினது. வியர்வை பட்டு, உடல் பாரம் ஏறி, அது மெல்ல மெல்ல இளகிவிடும். இளகின சப்பாத்தோடு ஆடினால் கணுக்கால் போகும். கடுமையான பயிற்சியில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு சோடி ஒரு கிழமைகூடத் தாங்காமல் போவதுண்டு. ஒரு சோடி ஏறக்குறைய 100 அமெரிக்க டொலர். அதுக்கு மேல தனி வகுப்பு, உடை, விமான ரிக்கற், கூடப் போகிற அம்மாவின் லீவு. எல்லோருக்கும் ஒரே மேடை, ஒரே இசை, ஒரே நேரம் கொடுத்துவிட்டு 'சமமான போட்டி' எண்டு சொல்கிறோம். ஓட்டப்போட்டியில் ஒருவரை 50 மீற்றர் முன்னுக்கு விட்டுவிட்டு, முடிவுக்கோடு எல்லோருக்கும் ஒன்றுதானே எண்டு சொல்லுற மாதிரி இருக்கு.

காசைவிடப் பெரிய விசயம் உடம்பு. கால் நுனியில் ஆடத் தொடங்குவதற்கு எலும்பு வளர்ச்சி, பாதத்தினதும் கணுக்காலினதும் பலம், எத்தனை வருடம் ஒழுங்காகப் பயின்றது என்பதையெல்லாம் பார்க்க வேணும் எண்டு நடன மருத்துவர்கள் சொல்கிறார்கள். பொதுவாக அது 12 வயதை ஒட்டித்தான் வரும். அதுக்கு முதலே வெல்ல வேணும் எண்டு ஒரு போட்டி இருந்தால், அவசரப்படாத ஆசிரியர் யார்? பக்கத்துப் பள்ளிப் பிள்ளை நாலு சுற்று சுற்றினால் எங்கட பிள்ளை ஐந்து சுற்ற வேணும். அவ்வளவுதான் கணக்கு.

அடுத்தது மெலிவு. சாப்பாடு குறைந்து பயிற்சி கூடினால் உடம்பு தன் செலவைக் குறைக்கத் தொடங்கும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நிற்கும். எலும்பின் அடர்த்தி குறையும். கால் எலும்பில் மயிரிழை அளவு வெடிப்புகள் வரும். 2014 இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவே இதை ஒரு தனிப் பிரச்சினையாகப் பெயரிட்டு, ஆண் பெண் இருபாலாருக்கும் இது வரலாம் எண்டு அறிக்கை வெளியிட்டது. பதின்ம வயதில் சேர்க்க வேண்டிய எலும்பைச் சேர்க்காமல் விட்டால் பிறகு முழுக்கத் திருப்பி எடுக்க ஏலாது. பரிசு கிடைக்காத பிள்ளைக்கும் அந்த எலும்புதான் வாழ்நாள் முழுக்க.

லோசான் இதைத் தெரியாமல் இல்லை. வருகிற பிள்ளைகளின் உடல்நல விபரத்தை முன்கூட்டியே வாங்கி, மருத்துவர் பார்த்து, ஆபத்தான மெலிவு இருந்தால் சேர்க்காமல் விடும் நடைமுறையை அவர்கள் கொண்டுவந்தார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதே போட்டியின் மதிப்பீட்டு அளவுகோல்களில் கலைத்தன்மை, இசையுணர்வு, துணிவு, தொழில்நுட்பம் என்பவற்றோடு 'உடற்பொருத்தம்' என்பதும் நீண்ட காலமாக இடம்பிடித்து வந்திருக்கிறது. ஒரு கையால் மெலியாதே எண்டு சொல்லி மருத்துவப் படிவத்தை நீட்டுகிறோம். மற்றக் கையால் உன் உடம்பு இந்தக் கலைக்குப் பொருந்துதா எண்டு புள்ளி போடுகிறோம். 15 வயசுப் பிள்ளை இதில் எந்தக் கையைப் பார்க்கும்? புள்ளி போடுகிற கையைத்தான்.

இது கற்பனைப் பயமில்லை. 2019 இல் ஒஸ்ரியாவின் வியன்னா அரச ஒபரா பலே அக்கடமியில் பிள்ளைகள் நடத்தப்பட்ட விதம் பத்திரிகையில் வெளிவந்தது. விசாரணைக்கு ஒரு ஆணைக்குழு அமைத்தார்கள். பிள்ளைகளின் உடல்நலம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை எண்டும், மெலிவாக இருக்கப் புகைபிடிக்கச் சொல்லிக் கொடுக்கப்பட்டது எண்டும் அந்த ஆணைக்குழு கண்டறிந்தது. ஏதோ தெருமூலைப் பயிற்சிக் கொட்டில் இல்லை. உலகத்தின் பெயர்பெற்ற பள்ளி. அப்படிப்பட்ட இடத்திலேயே வெளியில் தெரியவர ஒரு பத்திரிகை தேவைப்பட்டது எண்டால், போட்டிக்குப் பிள்ளை அனுப்புகிற ஆயிரம் சின்னப் பள்ளிகளை யார் பார்ப்பது?

'கலைக்கு விதி போட ஏலாது' எண்டு ஒரு பதில் வரும். சரி, பக்கத்துத் துறைகளைப் பாருங்கோ. பெண்கள் ஜிம்னாஸ்ரிக்ஸில் மூத்தோர் பிரிவின் ஆகக் குறைந்த வயதை 1997 இல் 16 ஆக்கினார்கள். பனிச்சறுக்கு நடனத்தில், 2022 பீஜிங் ஒலிம்பிக்கில் 15 வயதுச் சிறுமி ஒருவர் ஊக்கமருந்துச் சர்ச்சைக்குள் மாட்டி, உலகமே பார்த்திருக்க விழுந்து எழும்பிய பிறகு, அதே வருசம் ஆகக் குறைந்த வயதை 15 இலிருந்து 17 ஆக உயர்த்த வாக்களித்தார்கள். அதாவது மேடைக்கான ஒரு விதியை மாற்றி, வருடக்கணக்கான தயாரிப்பையே மெதுவாக்கினார்கள். வெல்லும் வயது தள்ளிப்போனால் பிள்ளையைப் பிழிகிற அவசரமும் தள்ளிப்போகும். அவையும் முழுச் சுத்தமான துறைகள் இல்லை. ஆனால் விதிக்கு அந்தச் சக்தி இருக்கு எண்டு காட்டின. பலேயில் எல்லாப் போட்டிகளையும் கட்டுப்படுத்துகிற ஒரு உலக அமைப்பு இல்லை. ஒரு போட்டி வயதை உயர்த்தினால் இன்னொன்று குறைந்த வயதுக்காரரைக் கூப்பிடும்.

இரண்டாவது பதில் இன்னும் உருக்கமானது. 'போட்டி இல்லையெண்டால் ஏழைப் பிள்ளை எப்பிடி வெளியில வரும்?' இதுக்கு எல்லோரும் காட்டுகிற பெயர் மிக்கேலா டிபிறின்ஸ். சியரா லியோனில் உள்நாட்டு யுத்தத்தில் பெற்றோரை இழந்து, அநாதை இல்லத்திலிருந்து அமெரிக்கக் குடும்பமொன்றால் தத்தெடுக்கப்பட்டவர். 2011 இல் வெளிவந்த 'ஃபேர்ஸ்ற் பொசிசன்' ஆவணப்படம், யூத் அமெரிக்கா கிராண்ட் பிறீக்குத் தயாராகிற பிள்ளைகளோடு அவரையும் பின்தொடர்கிறது. பாருங்கோ, நல்ல படம். அதில் அவர் காலில் காயத்தோடு இறுதிச் சுற்றில் ஆடுவார். புலமைப்பரிசிலும் கிடைக்கும். நாங்கள் கண் கலங்கிக் கைதட்டுவம். பிறகு அவர் டச்சு தேசிய பலே வரைக்கும் போனார். 2024 இல், 29 வயதில் இறந்துபோனார்.

அவரில் எனக்குப் பெரிய மரியாதை இருக்கு. படத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் எடுத்துக்கொள்கிற பாடத்தில்தான் மரியாதை இல்லை. காயத்தோடு ஆடினது வீரம் எண்டு எடுத்துக்கொள்கிறோம். ஒரு சின்னப் பெண் காயத்தோடு ஆடாவிட்டால் எல்லாம் போய்விடும் எண்டு நினைக்க வைத்தது எது எண்டு கேட்பதில்லை. அதே காயத்தோடு ஆடி, பரிசும் கிடைக்காமல், காலும் சரிவராமல் போன பிள்ளையைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

இன்னொரு பெயர் சொல்கிறேன். கார்லோஸ் அகொஸ்ரா. கியூபாவின் ஹவானாவில் லொறிச் சாரதி ஒருவரின் மகன். வறுமைப்பட்ட குடும்பம். 1990 இல் லோசானில் தங்கம் வென்றார். 'பார்த்தீங்களா, ஏழையும் வெல்லலாம்' எண்டு சொல்ல முதல் ஒன்றைக் கவனியுங்கோ. அவர் படித்தது கியூபாவின் அரச பலே பள்ளியில். அங்கே படிப்புக்குக் காசில்லை. அதாவது அவருடைய தயாரிப்பை ஒரு நாடு பொறுப்பெடுத்தது. அதனால்தான் மேடையில் அவர் சமமாக நின்றார். போட்டி அவரை ஏழ்மையிலிருந்து தூக்கவில்லை. இலவசப் பள்ளி தூக்கினதைப் போட்டி உலகத்துக்குக் காட்டியது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அப்ப போட்டிகளை மூடச் சொல்கிறேனா? இல்லை. விதிகளைத் தயாரிப்புக்குள்ளும் கொண்டுபோகச் சொல்கிறேன்.

12 வயதுக்குக் கீழ் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடமே வேண்டாம். ஆடட்டும், ஆலோசனை கிடைக்கட்டும், வீட்டுக்குப் போகட்டும். உடற்பொருத்தத்துக்குப் புள்ளி போடுகிற வழக்கத்தை எல்லாப் போட்டியும் கைவிட வேணும். மருத்துவப் பரிசோதனை லோசானில் மட்டுமில்லாமல் எல்லா இடத்திலும் கட்டாயமாக வேணும். காயம்பட்ட பிள்ளை விலகினால் கட்டின காசும் கிடைச்ச இடமும் அடுத்த வருசத்துக்குப் போக வேணும். அப்பதான் 'இண்டைக்கு ஆடாவிட்டால் எப்பவுமில்லை' என்கிற பயம் குறையும். பிள்ளையின் விண்ணப்பத்தோடு பள்ளியும் கையெழுத்து வைக்க வேணும்: கிழமைக்கு எத்தனை மணித்தியாலப் பயிற்சி, காயங்களை யார் பார்த்தது, முறைப்பாடு எண்டால் யாரிடம் போவது. பொய் எழுதினால் அந்தப் பள்ளிக்குக் கதவு பூட்டு. இப்போது தோற்றால் தண்டனை பிள்ளைக்கு மட்டும். பள்ளி அடுத்த பிள்ளையைத் தயார்படுத்தத் தொடங்கிவிடும்.

இதில் ஒன்றுகூட ஆட்டத்தின் அழகைக் குறைக்காது. கொஞ்சம் பிந்தி வரும், அவ்வளவுதான். 18 வயதில் நல்லாய் ஆடுகிற பிள்ளை 28 வயதிலும் ஆட வேணும் எண்டுதானே கலையை நேசிக்கிறவர்கள் விரும்ப வேணும்.

கடைசியாக எங்கட பங்கு. நாங்கள் நடுவரில்லை, பெற்றோருமில்லை. ஆனால் பார்க்கிற ஆக்கள். லோசான் போட்டியை நேரலையில் காசில்லாமல் பார்க்கலாம். பாருங்கோ. இறுதிச் சுற்றை மட்டும் பார்க்காமல், முடிஞ்சால் அதுக்கு முதல் நடக்கிற வகுப்புகளையும் பாருங்கோ. அங்க பிள்ளைகள் தடுமாறுவார்கள், திருத்துவார்கள், திருப்பிச் செய்வார்கள். நடனம் எண்டால் என்ன எண்டு அங்கதான் விளங்கும். மற்றது, ஒன்பது வயசுப் பிள்ளை கால் நுனியில நிக்கிற வீடியோ அடுத்தமுறை கண்ணில பட்டால், இதயத்தை அழுத்த முதல் ஒரு நிமிசம் அந்தக் காலை யோசியுங்கோ. கைதட்டல் இருக்கிற பக்கம்தான் பள்ளிகளும் போட்டிகளும் ஓடும். அதை எங்க குடுக்கிறது எண்டது எங்கட கையில.