போதுமென்ற மனம் யாருக்குச் சொல்லப்பட்டது?

சில வாரங்களுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில் ‘கனாஅத்’ எனும் போதுமென்ற மனத்தைக் குறித்துக் கேட்க நேர்ந்தது. கிடைத்த வேலையில் திருப்தி கொள்ளாதவன் அல்லாஹ் வழங்கிய ரிஸ்க்கையே குறை கூறுகிறான் என்றார் ஆலிம் அவர்கள். முன்வரிசையில் அமர்ந்திருந்த கடை உரிமையாளர்கள் தலையசைத்தனர். அவர்களுடைய கடைகளின் பணியாளர்களோ, அனுமதிக்கப்பட்ட அரைமணி நேரத்திற்குள் தொழுதுவிட்டுத் திரும்ப வேண்டுமென்று அப்போதுதான் ஓடிவந்து ஒளூ செய்துகொண்டிருந்தனர். உரையின் பெரும்பகுதி அவர்கள் காதில் விழுந்திராது. விழாமற்போனதில் இழப்பொன்றும் இல்லை.

இதற்கு நேரெதிரான உபதேசம் ஒன்றும் நம்மிடையே உலவுகிறது. கல்வி வழிகாட்டி முகாம்களில், ‘மனத்திற்குப் பிடித்த பணியைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அது பாரமாகவே தோன்றாது’ என்று மாணவர்களுக்குக் கூறுகிறார்கள். ஒருவர் பொறுத்துக்கொள் என்கிறார். மற்றவர் தேடிக்கொள் என்கிறார். பணியில் நிறைவு கிட்டாவிட்டால் குற்றம் உழைப்பவனுடைய உள்ளத்தில்தான் என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். வேலை கொடுத்தவரைப் பற்றி இருவருமே வாய் திறப்பதில்லை.

உண்மையை ஒளிக்காமல் சொல்வோம். பணியில் மனநிறைவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் சுண்ணாம்பில் ஊறிய தோலை நாள் முழுதும் கையாளுபவர், மேலப்பாளையத்தில் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து நாளொன்றுக்கு ஆயிரம் பீடி சுற்ற முயலும் தாய், வளைகுடா வெயிலில் சாரத்தின் மீது நிற்கும் இளைஞர் ஆகியோரிடம் சென்று ‘உங்கள் வேலை உங்களுக்கு நிறைவளிக்கிறதா?’ என்று கேட்பதே ஒருவகைக் கேலி. பிள்ளையின் படிப்புக்கும், மகளின் திருமணத்திற்கும், மருந்துச் செலவுக்குமாக அவர்கள் உழைக்கிறார்கள். தம் கையால் உழைத்து உண்ட தாவூத் (அலை) அவர்களை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறினார்களே, அந்தக் கண்ணியம் இவர்களுக்கும் உண்டு. ஆனால் உழைப்பில் கண்ணியம் இருப்பது வேறு; அந்த வேலை நடக்கும் நிலைமையை மனமார ஏற்பது வேறு. இரண்டையும் குழப்புவதால் ஆதாயம் அடைபவர் யார் என்பதைக் கவனியுங்கள்.

உண்மையான செல்வம் உள்ளத்தின் செல்வமே என்ற கருத்துடைய நபிமொழி ஆதாரப்பூர்வமானது. அதில் ஐயமில்லை. ஆயினும் அது பேராசைக்கு மருந்தாகச் சொல்லப்பட்டதேயன்றி, பிறருடைய உரிமையைப் பிடித்து வைத்திருப்பவர் தம் கேடயமாக ஏந்துவதற்குச் சொல்லப்பட்டதன்று. ஒருவரை வேலைக்கு அமர்த்தி, முழு உழைப்பையும் பெற்றுக்கொண்டு, கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற செய்தி புகாரியில் இருக்கிறது. கனாஅத்தைப் பற்றி வருடத்திற்குப் பத்து முறை கேட்கிறோம். இதனை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

அல்கஸஸ் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களின் வேலை ஒப்பந்தம் கூறப்படுகிறது (28:26-28). அவர்கள் மத்யனுக்கு வந்தபோது உயிருக்குத் தப்பி வந்த அகதி. கையில் ஒன்றுமில்லை. இறைவா, நீ அருளும் எந்த நன்மைக்கும் நான் தேவையுடையவன் என்று நிழலில் ஒதுங்கி நின்று இறைஞ்சியவர்கள். அத்தகைய ஒருவரிடம் எந்த நிபந்தனையையும் திணித்திருக்கலாம். அந்த முதியவர் (ஷுஐப் (அலை) அவர்களே என்பாரும் உண்டு, குர்ஆன் பெயர் குறிப்பிடவில்லை) என்ன செய்தார்? எட்டு ஆண்டு என்று காலத்தை வரையறுத்தார். பத்தாக நிறைவு செய்வது உமது விருப்பம் என்றார். உம்மைச் சிரமப்படுத்த நான் நாடவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். மூஸா (அலை) அவர்களும் வெறுமனே அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அமைந்துவிடவில்லை. இரண்டில் எந்தத் தவணையை நிறைவேற்றினாலும் என்மீது வரம்பு மீறல் கூடாது என்று தம் பக்கத்தை உறுதிசெய்து, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். அவர்களுக்குக் கனாஅத் இல்லை என்று எவரேனும் சொல்லத் துணிவார்களா?

நம் கடைவீதிக்கு வாருங்கள். எத்தனை பணியாளர்களிடம் வேலை நேரமும் விடுப்பும் எழுதப்பட்ட ஒரு தாள் இருக்கிறது? கடைப் பணியாளர்கள் அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தின. நாள் முழுதும் நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டும் பெண்ணுக்கு ஒரு முக்காலி போட அரசு ஆணையிட வேண்டியிருந்தது. சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற நபிபோதனையை ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கும் சமுதாயம், அந்த முக்காலியைத் தானே முன்வந்து போட்டிருக்கலாகாதா?

ரமளானில் நடக்கும் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். தம்மிடமே பணிபுரிபவருக்குப் போதிய ஊதியம் தராமல், ஆண்டிறுதியில் ஜகாத்திலிருந்து ஒரு தொகையை நீட்டி, அதையே போனஸ் என்று கணக்கெழுதும் முதலாளிகள் இருக்கிறார்கள். ஜகாத் ஏழையின் உரிமை. கூலி உழைத்தவனின் உரிமை. ஒரு கடமையைக் காட்டி மற்றொரு கடமையைக் கழிக்க எந்த மத்ஹபும் அனுமதிக்கவில்லை. வாங்குகிறவர் கண்கலங்கி துஆ செய்கிறார். தமக்குரிய கூலியில் ஒரு பகுதிதான் இந்த வடிவில் திரும்பி வருகிறது என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டார்.

வியாபாரத்தில் இலாபம் குறைந்துவிட்டது என்பார்கள். பல சிறு கடைகளின் நிலை அதுதான், மறுக்கவில்லை. இயலாத சம்பளத்தை எவரும் கேட்கவில்லை. சம்பளத் தேதி தவறாமை, வாரத்தில் ஒருநாள் ஓய்வு, தொழுகைக்குக் கெஞ்சாமல் செல்லும் உரிமை, உட்கார ஓர் இடம் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணமே தேவையில்லை.

திருமணப் பதிவேட்டையும் சந்தாப் புத்தகத்தையும் ஒழுங்காகப் பேணும் நம் ஜமாஅத்கள், மஹல்லாவிலுள்ள கடைகளில் பணியாளர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் உண்டா என்று ஒருமுறை விசாரிக்கலாம். விசாரிப்பவர்களில் பாதிப்பேர் அதே கடைகளின் உரிமையாளர்கள் என்பது எனக்கும் தெரியும். ஆலிம் அவர்கள் அடுத்த ஜும்ஆவில் அல்கஸஸ் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளட்டும். முன்வரிசையைப் பார்த்தே பேசட்டும்.