விடிய விடியப் பார்த்தோம்!

விடிய விடிய ராமாயணம் கேட்டுவிட்டுச் சீதைக்கு ராமன் சித்தப்பன் என்றானாம் ஒருவன். அவனை இத்தனை நாளாகப் பழமொழியில் மட்டுமே சந்தித்து வந்தோம். இப்போது திங்கட்கிழமை தோறும் காலை ரயிலில் நேரிலேயே தரிசிக்கிறோம்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நாற்பது கிலோமீட்டர் கூட இல்லை. பாசஞ்சர் வண்டியில் போனால், ஓ.டி.டி. தொடரில் ஓர் அத்தியாயம் பார்த்து முடிக்கத் தக்க தூரம். எதிரே சிவந்த கண்களுடன் ஒரு வாலிபர் அமர்ந்திருப்பார். எட்டு அத்தியாயத்தையும் நேற்று இரவே தீர்த்துவிட்டதாகப் பெருமையுடன் சொல்வார். "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "சூப்பர் சார்!" என்பார். "ஏன்?" என்று கேட்பதற்குள் திண்டிவனம் வந்துவிடும்.

விடிய விடியப் பார்ப்பதற்கு நாம் விரோதி என்று நேயர்கள் எண்ண வேண்டாம். நம் ஜில்லாவில் அப்படிச் சொல்லிவிட்டு ஒருவன் ஊருக்குள் நடமாட முடியுமா? திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கு ஆதி ஸ்தலம் என்று பலர் கருதும் மேலச்சேரி, நம் செஞ்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அம்மன் திருவிழாவில் வில் வளைப்பு, துகில், அர்ஜுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கூத்தாக நடந்து, பதினெட்டாம் போரும் படுகளமுமாக முடியும். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் கோழி கூவும் வரையில் ஆட்டந்தான். தொடர் அத்தியாயங்களை இரவிரவாகப் பார்க்கும் வித்தையை நாம் அமெரிக்காவிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஆனால் இரண்டு வித்தியாசங்களைக் கவனியுங்கள். கூத்தில் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் நடுவில் ஒரு முழுப் பகல் கிடக்கிறது. அந்தப் பகலில் வில்லி பாரதத்தை வைத்துப் பிரசங்கம் நடக்கும். களத்துமேட்டிலும் தேநீர்க் கடையிலும் துரியோதனனுடைய வழக்கு விசாரணைக்கு வரும். இரண்டாவது, கட்டியக்காரன். திரைக்குப் பின்னே மகாராஜா வந்து நிற்பார். அவரையே மறித்து, "நீர் யார், எங்கே வந்தீர்?" என்று விசாரிப்பான் அவன். கதையை நடுவில் நிறுத்திக் கேலி பேசுவான். ஜனங்கள் சிரித்துவிட்டு, 'ஆமாம், இந்த ராஜா செய்வது நியாயந்தானா?' என்று யோசிப்பார்கள்.

தூர்தர்ஷன் ராமாயணத்தை நினைத்துப் பாருங்கள். 1987 ஜனவரியிலிருந்து 1988 ஜூலை வரையில் எழுபத்தெட்டு அத்தியாயங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக வந்தன. பாஷையோ ஹிந்தி. வீட்டுப் பாட்டிமார்களே வியாக்கியானம் செய்தார்கள். வாலி வதம் நியாயமா என்று ஒரு வாரம் முழுவதும் தர்க்கம் நடந்தது. அதே தொடர் 2020 மார்ச் 28 முதல், ஊரடங்குக் காலத்தில், காலையும் இரவுமாக ஒரு மாதத்துக்குள் ஓடி முடிந்தது. ராமனும் ராவணனும் மாறவில்லை. வாலிக்காக வழக்காடத்தான் நாள் போதவில்லை.

நிற்க. விடுமுறையில் நாம் பார்த்தவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடிவை வெளியிட்டுவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம்.

'சுழல்' 2022 ஜூனில் வெளிவந்தது, புஷ்கர்-காயத்ரி தம்பதி எழுதியது, எட்டு அத்தியாயம். மயானக் கொள்ளைத் திருவிழா நாட்களில் கதை நடக்கிறது. மாசி அமாவாசையில் மேல்மலையனூருக்குப் போய்வரும் நமக்கு இதைவிட என்ன வேண்டும்? திருவிழாவின் வேகமும், காணாமற்போன தங்கையைத் தேடும் அக்காளாக ஐசுவர்யா ராஜேஷின் நடிப்பும் உயர்ந்த தரத்தில் இருக்கின்றன. ஆனால் அத்தியாயம் முடியுந்தோறும் புதிதாக ஒருவர் மீது சந்தேகத்தைத் தூக்கிப் போடுகிறார்கள். நாளுக்கு ஒன்றாகப் பார்த்தால் அது சுவை. ஒரே மூச்சில் பார்த்தாலோ, ஒரே சாவியால் எட்டுக் கதவுகளையும் திறப்பது தெரிந்துவிடுகிறது. அக்காளின் துக்கத்தில் நாம் ஒரு நிமிஷம் தங்கலாமென்றால், கதை நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

'பொன்னியின் செல்வன்' விஷயம் வேறு. 1950 முதல் 1954 வரையில் வாரா வாரம் காத்திருந்து தமிழர்கள் படித்த கதை. மணி ரத்னத்தின் படம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலுமாக இரு பாகங்களாக வந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே நாளில், ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம், பார்த்தோம். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் வரும் இளம் பருவக் காதல், முதற் பாகத்துக் கரிகாலனின் வெறியை அப்போதே விளக்கிவிடுகிறது. இது சேர்த்துப் பார்க்கத் தக்கது என்பது நம் அபிப்பிராயம்.

மூன்றாவது 'வதந்தி'. 2022 டிசம்பரில் வந்தது. ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கியது. வெலோனி என்ற இளம் பெண் கொலையுண்டு கிடக்கிறாள். அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எஸ்.ஜே. சூர்யா ஏற்ற போலீஸ் அதிகாரி, அவளுடைய உண்மையைத் தேடித் தம் குடும்பத்தையே மறந்து திரிகிறார். இறந்த பெண்ணின் பெயரை ஊர் வாய் எப்படித் தின்கிறது என்பதே தொடரின் உயிர்நாடி.

இதை நம் வீட்டில் இரவுக்கு இரண்டு அத்தியாயமாகப் பார்த்தோம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது அந்தப் பெண்ணைக் குறை சொன்ன நம் உறவினர் ஒருவர், மூன்றாம் நாள் தாமாகவே அந்தப் பேச்சை விட்டுவிட்டார். நம்மிடம் படித்து இப்போது கல்லூரிக்குப் போகும் ஒரு பிள்ளையோ அதை ஒரே இரவில் முடித்தவர். கொலைகாரன் யார் என்று சரியாகச் சொன்னார். பிறகு, "இருந்தாலும் அந்தப் பெண்ணும் சரியில்லைதானே, சார்?" என்றார்.

எட்டு அத்தியாயம் பாடுபட்டு எந்த வதந்தியைப் பொய்யென்று காட்டினார்களோ, அதையே பிரசாதமாக வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கிறார்! கெட்டிக்காரப் பிள்ளை, நல்ல பிள்ளை. கேட்டதை நிறுத்திப் பார்க்க அவருக்கு அன்று நேரம் இருக்கவில்லை. அவ்வளவுதான். ஆனால் நாளை அவருடன் படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால்? நமக்குக் கவலை அங்கேதான்.

நேரம் இல்லாமற் போனது தற்செயலன்று. 2013 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' என்னும் தொடரின் பதின்மூன்று அத்தியாயங்களையும் ஒரே நாளில் வெளியிட்டது. ஓர் அத்தியாயம் முடிந்து பெயர்கள் ஓடும்போதே அடுத்தது தானாகத் தொடங்கிவிடும் ஏற்பாடும் உண்டு. தங்களுக்குப் போட்டி மனிதருடைய உறக்கமே என்ற கருத்தை 2017இல் அக்கம்பெனித் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் பகிரங்கமாகவே சொன்னார். நம் பாட்டனார் உறக்கத்தைக் கொடுத்துப் பாரதத்தை வாங்கினார். மறுநாள் பகலில் அதைப் பேசித் தமதாக்கிக்கொண்டார். நாம் உறக்கத்தையும் கொடுக்கிறோம், பகலையும் கொடுக்கிறோம்.

பரிகாரம் சுலபமானது. தானாக ஓடும் அந்த ஏற்பாட்டை நிறுத்திவைக்க அமைப்புகளில் வழி இருக்கிறது. இரவுக்கு இரண்டு அத்தியாயம் போதும். மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஒரு கேள்வி: "நேற்று யார் சொன்னதை நீ நம்பினாய், ஏன் நம்பினாய்?"

கட்டியக்காரன் உத்தியோகம் இன்று நம் வீடுகளில் காலியாகக் கிடக்கிறது. சம்பளம் கிடையாது, வயது வரம்பும் கிடையாது. வீட்டிலுள்ள பத்து வயதுப் பெண் குழந்தை அந்த வேலைக்கு மனுப் போட்டால், உடனே நியமித்துவிடும்படி சிபாரிசு செய்கிறோம்.