பறக்காத விமானமும் பெங்களூரு மாருத்தும்

முழுப்பரீட்சை லீவுக்குக் கீரனூர் வந்திருக்கும் அக்கா மகனுக்குத் தென்னந்தோப்பும் வேண்டாம், பழனி மலையும் வேண்டாம். அவன் அப்பா ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரில் ‘ஐஎல்-2 ஸ்டர்மோவிக்: 1946’ என்று ஒரு விமானச் சண்டை கேம். கரன்ட் இருக்கும் நேரமெல்லாம் வெடிச்சத்தம்தான். “பொழுதன்னைக்கும் யாரைடா சுட்டுக்கிட்டே இருக்க?” என்று எங்கள் அம்மா கத்துவார்.

ஒருநாள் எட்டிப் பார்த்தேன். கட்டைக்குட்டையான உடம்பு, பின்பக்கம் சாய்ந்த இறக்கை, கோழிக் கொண்டை மாதிரி தூக்கி நிற்கும் வால். “இது டிஏ-183 சித்தி, ஜெர்மன் ஜெட். இதை யாரும் அடிக்க முடியாது!”

எப்படி அடிக்க முடியும்? அது நிஜத்தில் பறக்கவே இல்லையே! 1945 தொடக்கத்தில், போர் கைமீறிப் போன நேரத்தில் ஜெர்மனி தேர்ந்தெடுத்த வடிவம் அது. சிறு மாதிரிகளைக் காற்றுக் குகையில் வைத்துச் சோதித்தார்கள். முழு விமானம் ஒன்றுகூடத் தயாராகும் முன் போர் முடிந்துவிட்டது. கேமில் அது காட்டும் வேகமெல்லாம் காகிதக் கணக்கு. கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளை சம்பளம் மாதிரி.

அந்த ‘டிஏ’ என்பது அதை வடிவமைத்த குர்ட் டாங்க்கின் பெயர்ச் சுருக்கம். ஹிட்லரின் விமானப்படைக்கு எஃப்டபிள்யூ-190 போர் விமானத்தை உருவாக்கிக் கொடுத்தவர். போருக்குப் பின் அர்ஜென்டினா போய், ஏறக்குறைய இதே சாயலில் ‘புல்கி 2’ என்ற ஜெட்டைச் செய்தார். 1950இல் அது பறந்தது. அங்கே ஆட்சி மாறியதும் 1956இல் அவர் வந்து சேர்ந்த இடம் நம் நாடு! குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் டாங்க் ஒரு பேராசிரியராக இருந்ததை அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.

பெங்களூரு எச்.ஏ.எல்.லில் இந்தியப் பொறியாளர்களோடு சேர்ந்து டாங்க் வடிவமைத்ததுதான் ‘எச்.எஃப்-24 மாருத்’, நம் நாட்டில் உருவான முதல் ஜெட் போர் விமானம். முதலில் அதே அளவில் மரத்தில் ஒரு கிளைடர் செய்து, இன்னொரு விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 1961 ஜூன் 17 அன்று நிஜ மாருத்தை முதன்முதலாக வானில் ஏற்றியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ்.

வடிவம் அருமை, மாட்டிய இன்ஜின்தான் போதவில்லை. ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம் என்பது திட்டம். அதற்காக நம்பியிருந்த சக்திவாய்ந்த இன்ஜினைப் பிரிட்டன் பாதியில் கைவிட்டது. அதை முடிக்கப் பணம் போட நம் அரசும் முன்வரவில்லை. கையில் இருந்த சிறிய ஆர்ஃபியஸ் இன்ஜின் இரண்டை மாட்டினார்கள். ஒலி வேகத்தை எட்டவே திணறியது. என்னைக் கேட்டால், டாங்க்கைக் கூட்டிவந்த செலவு வீணானது இந்த ஒரு சிக்கனத்தால்தான். எகிப்து இன்ஜினையும் மாட்டிப் பார்த்தார்கள், அதுவும் கரையேறவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க, ஆர்ஃபியஸுக்கே கூடுதல் உந்துசக்தி தரும் ஏற்பாடு செய்த மாருத்தை ஓட்டிச் சோதித்தவரும் சுரஞ்சன் தாஸ்தான். 1970 ஜனவரி 10 அன்று அது விழுந்து நொறுங்கியதில் இறந்துபோனார். கேமில் விழுந்தால் மறுபடி தொடங்க ஒரு பட்டன் இருக்கிறது. பையனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் மவுஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

அந்தக் குறைந்த வேகத்தோடே மாருத் 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் சண்டை போட்டது. ஒரு இன்ஜின் போய், மற்றதை வைத்துத் தளம் திரும்பிய விமானங்களும் உண்டு. மொத்தம் 147 செய்தார்கள்.

பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் சுரஞ்சன் தாஸ் ரோடு டிராஃபிக்கில் மாட்டியிருப்பீர்கள். அது இவர் பெயர்தான். கஸ்தூரிபா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா மியூசியத்தின் முன்னால் ஒரு மாருத்தே நிற்கிறது. பேரன் பேத்தியோடு போனால், பின்பக்கம் சுற்றிப் போய் அந்த இரண்டு இன்ஜின் வாய்களையும் காட்டுங்கள்.