போன் பெரிதா? சிக்னல் பெரிதா?

செல்போன் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் கேமராவைப் பார்க்கிறார்கள். நிறத்தைப் பார்க்கிறார்கள். விலையைப் பேசுகிறார்கள். "எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்குமா?" என்று யோசிக்கிறவர்கள் சிலரே!

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சிக்னல்தான் சட்டி, போன் வெறும் அகப்பை.

ஊமையான போன்கள்

2018 பிப்ரவரியில் தமிழ்நாடு இதைக் கண்ணால் கண்டது. 1999-ல் இங்கே தொடங்கிய ஏர்செல் கம்பெனி கடனில் மூழ்கியது. அதன் கோபுரங்கள் ஓய்ந்தன. ஏர்செல் சிம் மட்டும் வைத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். விலை உயர்ந்த போனும் மலிவு போனும் ஒன்றுபோல ஊமையாயின! வேறு கம்பெனிக்கு மாற, கடை வாசல்களில் மக்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள்.

இது வெறும் பேச்சுக்கான வசதி அல்ல. பாங்கியின் ரகசிய எண் போனில்தான் வருகிறது. நள்ளிரவில் நெஞ்சு வலி என்றால் 108-ஐ அழைக்க வேண்டும். அப்போது கேமரா உதவுமா?

அலைகள் இரண்டு வகை

700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகள் நெடுந்தூரம் போகும். சுவரையும் ஓரளவு துளைக்கும். 3300 மெகாஹெர்ட்ஸ் அலை மிக வேகமாகப் படங்களைக் கொண்டு வரும். ஆனால் அதிக தூரம் போகாது. இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1-ல் தொடங்கியது. 5ஜி போன் வாங்கியதாலேயே 5ஜி வந்துவிடாது. அருகில் அதற்கான கோபுரமும் வேண்டும்.

போனுக்கும் பங்கு உண்டு

அதற்காக எந்தப் போனும் போதும் என்று நினைக்கக் கூடாது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, 4ஜி-யுடன் தொடங்கிய கம்பெனி. அதற்கு 2ஜி கிடையாது. 2ஜி மட்டும் உள்ள பழைய பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. வீட்டில் வைஃபை இருந்தால், அதன் வழியாகவே பேசும் வசதியுள்ள போன், சிக்னல் குறைந்த அறையிலும் கைகொடுக்கும்.

என்ன செய்யலாம்?

முதலில் அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள். ஒவ்வொரு கம்பெனி போனையும் சமையலறையிலும் பின்கட்டிலும் பேசிப் பாருங்கள். கம்பெனிகள் தங்கள் சிக்னல் வரைபடத்தை வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2024-ல் விதி செய்தது. அதையும் பார்க்கலாம். ஆனால் உங்கள் வீட்டுச் சுவர் அந்தப் படத்தில் இல்லை!

கம்பெனி சரியில்லையா? எண்ணை மாற்றாமலே வேறு கம்பெனிக்குப் போகும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, இடம் விட்டு, உங்கள் எண்ணையும் அடித்து 1900-க்கு அனுப்பினால் ஒரு குறியீட்டு எண் வரும். அதைப் புதிய கம்பெனி கடையில் கொடுக்க வேண்டும்.

இதற்குப் புதுப் போன் வாங்கும் செலவு இல்லை. ஆகவே முதலில் சிம்மை மாற்றிப் பாருங்கள். அப்புறம் போனை மாற்றலாம்!