இன்டிஜர்தான் வேகம்ணு இன்னும் எத்தன நாளைக்கு வே?

ஃப்ளோட்டிங் பாயிண்ட் என்றால் மெதுவு, இன்டிஜர் என்றால் வேகம். நாகர்கோவில் பக்கம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற பல பேர் வாயில் இந்த வேதவாக்கு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. எந்த மெஷின்ல மெதுவுன்னு திருப்பிக் கேட்டா முறைக்காங்க.

ஒரு காலத்துல அது உண்மைதான் மக்கா, மறுக்கல. 8086-க்கு தசமக் கணக்கே தெரியாது. 1980-ல் வந்த 8087-ஐ தனியாக் காசு குடுத்து வாங்கிச் சொருகணும். இல்லாட்டி ஒவ்வொரு பெருக்கலையும் சாஃப்ட்வேர்தான் துண்டு துண்டாப் பண்ணும். 1991-ல் வந்த 486எஸ்எக்ஸ் அதைவிடக் கூத்து. தொடக்கத்துல வந்த சில்லுக்குள்ள அந்த யூனிட் இருந்தது, ஆனா வேலை செய்யாதபடி அடைச்சு வித்தாங்க. அப்புறம் 487-னு தனியா வாங்கினா, அது கிட்டத்தட்ட முழு 486டிஎக்ஸ்! (வடசேரி சந்தையில இப்படி ஒரு வாழைத்தார் வித்துப் பாருங்க, தெரியும் சேதி.)

இப்போ அந்தக் கதை எடுபடாது. 2015-ல் வந்த ஸ்கைலேக்கை எடுத்துக்குங்க. கூட்டல்ல இன்டிஜர் ஜெயிக்கும், 1 சைக்கிளுக்கு 4. பெருக்கல்ல 3-க்கு 4, பெரிய வித்தியாசம் இல்ல. வகுத்தல் வந்தா தலைகீழ்: டபுள் 13, 14 சைக்கிள்ல முடிச்சிரும், 64 பிட் இன்டிஜர் 40-ஐத் தாண்டியும் இழுக்கும். 2019-ல் ஐஸ்லேக் வந்தப்புறம்தான் இது பெருமளவு சரியாச்சு.

எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன், வள்ளம் எவ்வளவு தூரம் போகுதுன்னு கணக்குப் போட ஒரு ப்ராஜெக்ட் செஞ்சான். "டபுள் போட்டா ஸ்லோ, மில்லிமீட்டர்ல இன்டிஜரா வை"ன்னு சாரு உத்தரவு. 32 பிட்ல 46,340-க்கு மேல உள்ள எண்ணை வர்க்கம் பண்ண முடியாதே! வள்ளம் குளச்சல் கரையை விட்டு 47 மீட்டர் போனதும் தூரத்தோட வர்க்கம் மைனஸ்ல வந்து நிக்குது. லேப்டாப்ல ஓடுற ப்ரோகிராமுக்கு இந்தத் தண்டனை என்னத்துக்கு?

இங்கேயிருந்து ரயில் ஏறினா ரெண்டு மணி நேரத்துல திருவனந்தபுரம். அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துல 2011-ல் சாகா-220ன்னு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் வச்சாங்க. 400 ஜிபியு, 400 ஜியான். ஜிபியு ஒண்ணுக்கு 500 கிகாஃப்ளாப்ஸ், ஜியானுக்கு 50. கூட்டினா 220 டெராஃப்ளாப்ஸ். நொடிக்கு 220 லட்சம் கோடி கணக்கு, அத்தனையும் ஃப்ளோட்டிங் பாயிண்ட். அந்தப் பெயர்ல உள்ள ‘ஃப்ளாப்ஸ்’க்கு அர்த்தமே அதுதான்.

அதுக்காக எல்லா இடத்துலயும் டபுளை அள்ளிக் கொட்டவும் கூடாது. அர்டுயினோ ஊனோவில் இருக்கிற 8 பிட் சில்லுக்கு இன்னிக்கும் ஃப்ளோட் யூனிட் கிடையாது. அங்க சாரு சொன்னது சரி. கேம் ஆடுற ஜிபியு பலதுல டபுளோட வேகம் சிங்கிள்ல 32-ல் ஒரு பங்கு, சிலதுல 64-ல் ஒண்ணு. கார்டெக்ஸ்-எம்4எஃப்ல சிங்கிளுக்கு மட்டும்தான் ஹார்டுவேர். சி மொழியில 0.1-க்குப் பின்னால ஒரு ‘எஃப்’ போடாம விட்டா அது டபுள் ஆயிரும், மொத்தக் கணக்கும் சத்தமில்லாம சாஃப்ட்வேருக்குப் போயிரும். அப்புறம் "பாத்தியா, ஃப்ளோட் மெதுவு"ன்னு வந்து நிப்பாங்க.