சீஸுக்கும் ஊர்ப்பெயர் உண்டு!



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றார்கள். நான் போவதற்குள் 'இளைஞனே விழித்தெழு', 'இன்றைய கல்வி', 'நட்பின் பெருமை' என்று நல்ல தலைப்புகளை எல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிச்சம் இருந்தது வயிறு ஒன்றுதான். ஆகவே சீஸைப் பற்றி எழுதுகிறேன். உடனே சிரிக்க வேண்டாம். முழுசாப் படிச்சிட்டு அப்புறம் சிரிங்க.

இந்தக் கல்லூரிக்கு வரும் வரை நான் சீஸை வாயில் வைத்ததில்லை. பால் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு பசுவும் ஒரு எருமையும் உண்டு. இரண்டும் சேர்ந்து நாளைக்குச் சுமார் 10 லிட்டர் கறக்கும். விடியற்காலையில் அம்மா கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போய் ஊற்றிவிட்டு வருவார். அந்தக் காசில்தான் என் ஃபீஸ் கட்டினோம். பால் ஊற்றும் வீட்டில் நாங்கள் குடிப்பது வரக்காப்பி.

முதலாம் ஆண்டில் ஒரு நண்பனின் பிறந்தநாள். எல்லோரையும் பீட்சா கடைக்குக் கூட்டிப் போனான். நான் ஒரு துண்டை எடுத்தேன். கூடவே நூல் நூலாக ஏதோ வந்தது. கையை உயர்த்தினேன், அதுவும் வந்தது. எழுந்தே நின்றுவிட்டேன், அப்பவும் அறுந்தபாடில்லை! யீல்டு பாயின்ட்டைத் தாண்டியும் அறாத மெட்டீரியலை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். மேசையில் ஒரே சிரிப்பு. பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டேய், எந்த ஊர்றா நீ?" என்று ஒருவன் கேட்டான்.

"நாமக்கல்" என்றேன். அது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. நாமக்கல் எங்கள் மாவட்டத்தின் பெயர். என் ஊரின் பெயரைச் சொன்னால் சிரிப்பு இன்னும் கூடும் என்று எனக்குத் தெரியும். அதனால் விழுங்கிவிட்டேன். அந்தப் பெயரைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த ரோஷத்தில் லைப்ரரிக்குப் போனேன். இந்தச் சீஸ் என்ன அவ்வளவு பெரிய ஆளா என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம்தான்.

செடார் சீஸ் என்கிறார்களே, செடார் என்பது இங்கிலாந்தில் சோமர்செட் பகுதியில் உள்ள ஒரு கிராமம். காமம்பேர், பிரான்சின் நார்மண்டியில் உள்ள ஒரு குட்டிக் கிராமம். எம்மென்டால் என்றால் சுவிட்சர்லாந்தில் எம்மெ ஆற்றின் பள்ளத்தாக்கு. கௌடா, நெதர்லாந்தில் ஒரு ஊர். சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் அந்த ஊர்ச் சந்தைக்குக் கொண்டு வந்து விற்றதால் அந்தப் பெயர். பிரான்சின் தெற்கே ரோக்ஃபோர் என்று இன்னொரு கிராமம். அங்கே செம்மறியாட்டுப் பாலில் செய்த சீஸை மலைக்குகையில் வைத்து நீலப் பூசணம் பிடிக்க விடுகிறார்கள். நம் வீட்டில் பூசணம் பிடித்தால் தூக்கி எறிவோம். அவர்களோ 1925-லேயே அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள். வேறு எந்த ஊர்க்காரரும் தன் சீஸுக்கு ரோக்ஃபோர் என்று பெயர் வைக்க முடியாது.

பார்த்தீர்களா நண்பர்களே, உலகமே தேடி வாங்கும் சீஸ்கள் பாதிக்கு மேல் பட்டிக்காட்டுப் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஹாஸ்டலில் நாம்தான் ஊர்ப்பெயரை மறைத்துக்கொண்டு திரிகிறோம்!

அடுத்த கேள்வி, இதைக் கண்டுபிடித்தது யார்? சீமான்கள் இல்லை. பால் கெட்டுப்போய்விடுமே என்று பயந்த மாட்டுக்காரனும் ஆட்டுக்காரனும்தான். பால் ஒரு நாள் தாங்கும். சீஸாக்கினால் மாதக் கணக்கில் தாங்கும். பாலை உறைய வைத்து, கட்டியை வெட்டி, தண்ணீரை வடித்து, உப்புப் போட்டு, பிரஸ்ஸில் அழுத்தி, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். உறைய வைக்கும் ரென்னெட் என்ற பொருளைக் கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுத்தார்கள். இப்போது நுண்ணுயிர்களைக் கொண்டும் தயாரிக்கிறார்கள். சைவம் சாப்பிடும் நண்பர்கள் அட்டையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். ஒரு கிலோ செடாருக்குச் சுமார் 10 லிட்டர் பசும்பால் ஆகும். எங்க வீட்டுக் கணக்கில் சொன்னால், அம்மாவின் ஒரு நாள் கேன் முழுசும்!

அவர்கள் சாப்பிடும் முறையும் நமக்குப் புதிதில்லை. இங்கிலாந்தில் வயல் வேலைக்குப் போனவர்களின் மதிய உணவு ரொட்டி, சீஸ், வெங்காயம். நம் பழையசோறும் சின்ன வெங்காயமும் மாதிரிதானே? சுவிஸ் மலையில் மாடு மேய்த்தவர்கள் சீஸ் கட்டியை நெருப்பு முன்னால் வைத்து, உருகி வருவதை வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துப் போட்டுச் சாப்பிட்டார்கள். அதுதான் ரேக்லெட். நம் நாட்டிலேயே ஜம்முவின் உதம்பூரில் களாரி என்று ஒன்று உண்டு. தோசைக்கல்லில் போட்டால் தன் கொழுப்பிலேயே முறுகும். குல்ச்சா ரொட்டியில் வைத்துத் தின்பார்கள்.

என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். போன வருடக் கல்லூரிச் சுற்றுலாவில் கொடைக்கானல் போனோம். எல்லோரும் சாக்லேட்டும் தைலமும் வாங்கினார்கள். நான் கையில் இருந்த காசுக்குக் கொஞ்சம் கௌடா வாங்கி, பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"என்ன கண்ணு இது, சோப்புக்கட்டியாட்டம் இருக்குது?" என்றார் அம்மா. ஒரு துணுக்கை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார். அப்புறம், "அட, பால் வாசம் அடிக்குது!" என்றார். யாரும் சொல்லித் தராமலே அதைத் தேங்காய் மாதிரி துருவி, கல்லில் கிடந்த தோசை மேல் தூவி, நறுக்கிய வெங்காயமும் மிளகுத்தூளும் போட்டு மூடி வைத்தார். அந்தத் தோசைக்கு ஈடாக எந்தக் கடை பீட்சாவையும் நான் சொல்ல மாட்டேன்.

நண்பர்களுக்கு என் சிபாரிசுகள்:

1. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த உடனே தின்னாதீர்கள். அரை மணி நேரம் வெளியே வைத்தால்தான் வாசமும் ருசியும் வெளிவரும்.

2. செடாரை சூடான சப்பாத்திக்குள் வைத்து, பச்சை வெங்காயத்தோடு சுருட்டிச் சாப்பிடுங்கள்.

3. கௌடாவைச் சமைக்காமல் கொய்யாப்பழத் துண்டோடு சேர்த்துக் கடியுங்கள். உப்பும் இனிப்பும் நல்ல ஜோடி.

4. மொசரெல்லாவைச் சூடு ஆறும் முன் சாப்பிட வேண்டும். இழுத்து வந்தால் வெட்கப்படாமல் விரலால் சுற்றி அறுங்கள். அது இழுபடுவதற்காகவே செய்யப்பட்டது!

5. பிரெட்டுக்குள் சீஸ் வைத்து அயர்ன் பாக்ஸால் தேய்க்கும் ஹாஸ்டல் முறை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வார்டன் சார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சீஸில் உப்பும் கொழுப்பும் அதிகம். தினமும் வேண்டாம், ஆசைக்குச் சாப்பிடலாம். பாலுக்குப் பதில் தாவர எண்ணெயில் செய்த போலிச் சீஸும் சந்தையில் இருக்கிறது. அட்டையைப் படித்து வாங்குங்கள்.

"மோரும் தயிரும் இருக்க, அந்நியச் சரக்கு நமக்கு எதுக்கு?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும்கூடக் கடல் தாண்டி வந்தவைதான். இன்று அவை இல்லாமல் நம் மெஸ் ஒரு நாள் நடக்குமா? எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்ததை நாம் என்ன செய்தோம் என்று கேட்பதுதான் சரி என்பது என் கருத்து.

அந்த வேலையை நம்மவர்கள் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்ன? அதுவும் பாலைக் காய்ச்சிச் சுண்டவைத்து, ஊர்ப்பெயரோடு விற்பதுதான். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு ஊர் தன் பாலுக்குத் தன் பெயரை வைத்தது. மற்ற ஊர்களின் பால் கேனில் ஏறிப் போகிறது, பெயர் இல்லாமல்.

சீஸ் செய்யும் இடத்தில் என்னென்ன வேண்டும்? பாய்லர், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, பிரஸ், குளிர்பதன அறை. யோசித்துப் பாருங்கள், எல்லாம் நம் சிலபஸில் இருப்பவைதானே! மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படிக்கும் நாம் அத்தனை பேரும் வேறொருவர் கம்பெனிக்குத்தான் போக வேண்டுமா? நம்மில் நாலு பேர் சேர்ந்து ஒரு ஊரின் பாலுக்கு ஒரு பெயர் வாங்கித் தர முடியாதா? முடியும் என்று நம்புகிறேன். எனக்கு அந்த ஆசை உண்டு.

கடைசியாக ஒரு செய்தி. அன்று பீட்சாவில் நூலாக இழுபட்டு என்னைச் சிரிப்புக்கு ஆளாக்கிய மொசரெல்லா இருக்கிறதே, இத்தாலியின் கம்பானியா பகுதியில் அதை எதில் செய்கிறார்கள் தெரியுமா? எருமைப் பாலில்! உலகத்திலேயே பெயர் பெற்ற மொசரெல்லா அதுதான். அங்கே எருமை என்றால் யாரும் திட்டுவதாக நினைக்க மாட்டார்கள். இதைப் படித்த அன்று லைப்ரரியில் தனியாக உட்கார்ந்து நான்தான் சிரித்தேன்.

ஏன் என்கிறீர்களா? இரண்டு வருடமாக உங்களிடம் மறைத்த என் ஊர்ப்பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

எருமப்பட்டி!

இனி யார் கேட்டாலும் முழுசாச் சொல்வேன். நீங்களும் உங்க ஊர்ப்பெயரைச் சொல்லுங்க.



- எருமப்பட்டிக்காரன்,
இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு.