‘பெரும்பாலும்’ என்ற சொல்லின் எடை

1950 ஜனவரி 2 அன்று கொல்கத்தாவில் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை ஐரீன் ஜோலியோ கியூரி திறந்துவைத்தார். முக்கால் நூற்றாண்டுக்குப் பின், உடலினுள் பார்க்கும் கருவிகள் பெருகியுள்ளன. பார்த்ததை நோயாளியிடம் சொல்லும் மொழி அதே அளவு வளர்ந்துள்ளதா என்பது ஐயத்திற்குரியது. மார்பகக் கட்டிகளைப் பொறுத்தவரை இது வெறும் நடைப் பிரச்சினையன்று. உயிர் சார்ந்த வினா.

மார்பகப் படிம அறிக்கைகளுக்கு அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 1993இல் வகுத்த ‘பை-ராட்ஸ்’ முறையே இன்று இந்தியாவிலும் பின்பற்றப்படுகிறது. அதில் வகை 2 என்பது ‘தீங்கற்றது’. வகை 3 என்பது ‘பெரும்பாலும் தீங்கற்றது’. நீள்வட்ட வடிவம், தெளிவான விளிம்பு, தோலுக்கு இணையாகக் கிடந்த அமைவு ஆகியவற்றை அல்ட்ராசவுண்டில் காட்டும் திண்மக் கட்டி பொதுவாக வகை 3இல் சேரும். அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மிகாது. எட்வர்ட் சிக்கிள்ஸ் 1991இல் வெளியிட்ட மேமோகிராம் ஆய்வில், இவ்வாறு கண்காணிக்கப்பட்ட 3,184 நேர்வுகளில் 17 மட்டுமே புற்றுநோயாயின.

ஆயின் இவ்வெண்ணுக்கு ஒரு நிபந்தனை உண்டு. 6, 12, 24 மாதங்களில் மீண்டும் படிமம் எடுக்கப்பட வேண்டும். ஆறு மாதத்தில் கட்டியின் விட்டம் 20 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தால் ஊசித்திசு ஆய்வு தேவை. ஏனெனில் ‘மும்மை எதிர்மறை’ வகைப் புற்றுநோய்களுள் சில, மென்மையான விளிம்புடன், இளம்பெண்களிடம் பரவலாகக் காணப்படும் ஃபைப்ரோஅடினோமாவைப் போலவே தோற்றமளிக்கும். எனவே வகை 3 ஒரு முடிவன்று. இரண்டாம் வருகையை நம்பி ஒத்திவைக்கப்பட்ட தீர்ப்பு.

இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. முர்ஷிதாபாத்திலிருந்தோ சுந்தரவனத்திலிருந்தோ ஒரு நாள் கூலியை இழந்து வரும் பெண்ணுக்கு அது ‘கிச்சு ஹொய்னி’ என்று வங்காளத்தில் சுருங்கிவிடக்கூடும். தமிழில் ‘ஒன்றுமில்லை’ என்று ஆறுதல் கூறுவதும் இதே வழக்கே. இச்சுருக்கத்தில் உதிர்வது ஒரே ஒரு சொல்: ‘பெரும்பாலும்’. அச்சொல் உதிர்ந்த கணமே வகை 3, வகை 2 ஆகிவிடுகிறது. ஒன்றுமில்லாத ஒன்றைப் பார்க்க ஆறு மாதம் கழித்து எவரும் தொடர்வண்டி ஏறுவதில்லை.

அவ்வாறாயின் எல்லாக் கட்டிகளையும் ஊசியிட்டுச் சோதிக்கலாமே எனலாம். நூறு பேரில் குறைந்தது தொண்ணூற்றெட்டுப் பேருக்கு அது தேவையற்ற வலியும் செலவுமாகும்; உடனடி ஆய்வு வேண்டியோரின் காத்திருப்பும் நீளும். கண்காணிப்பே பொதுவிதியாக இருப்பது சரியே. ஆனால் மீண்டும் வர இயலாத பெண்ணுக்கு அவ்விதி பயன்படாது. ஊசித்திசு ஆய்வை முதல் வருகையிலேயே ஒரு தெரிவாக முன்வைப்பது அவருக்குரிய நியாயம்.

வரக்கூடியவருக்கோ, அவருடைய மொழியிலேயே இரண்டு வரிகள் எழுதித் தரப்பட வேண்டும்: “நூறில் இருவருக்கு மேற்படாமல் இது புற்றுநோயாக இருக்கலாம். இந்தத் தேதியில் மீண்டும் வாருங்கள்.” தேதியின்றிச் சொல்லப்படும் ‘பெரும்பாலும்’ மருத்துவருக்கு எச்சரிக்கை, நோயாளிக்கோ பொய்யான விடுதலை.